பூனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

அரியலூரில் யாருக்குக் கண் சிவந்தாலும் பழி சிமெண்ட் தூசியின் தலையில்தான் விழும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் பொழுதன்னைக்கும் ஊரைக் கலக்கிக்கொண்டு போகும். காய்ந்த துணியை உதறினால் தும்மல் வரும். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாலும் சோறு போடும் முன் இன்னொரு தரம் துடைக்க வேண்டும். அதனால் என் பூனையின் இடது கண் ஒரு நாள் பாதி மூடிக்கொண்டு நீர் வடித்தபோது, நான் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். "தூசி வுழுந்திருக்கும். தண்ணி ஊத்திக் கழுவுனா சரியாப் போயிடும்."

என்னிடம் நேரில் வந்து சொன்னார்கள் என்று நினைக்க வேண்டாம். குழாயடியில் அவர்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்த லைனில் என்னோடு நின்று பேசுகிறவர்கள் கிடையாது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகாதவள், நாற்பதைத் தாண்டியவள், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். என் வாசலில் பந்து உருண்டு வந்தால் பிள்ளைகள் அதை எடுக்க வராமல் போய்விடுவார்கள். நானே எடுத்து வெளியே எறிவேன். "டீச்சர் வர்றாங்க" என்றதும் குழாயடியில் பேச்சு நின்று குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை எனக்கு என் குரலே தேவைப்படாது. பூனை வந்த பிறகுதான் வீட்டுக்குள் பேச ஆரம்பித்தேன். ஒரு ஐப்பசி மழையில் குளியலறை ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே வந்த சாம்பல் வரிப் பூனை. பெட்டை. அதற்குப் பெயர் என்று ஒன்றும் வைக்கவில்லை. "ஏ கழுத, எறங்குடி அலமாரியை வுட்டு" என்றால் இறங்கும். "கழுத, சாப்ட வா" என்றால் வரும். இன்றைக்கு எந்தப் பிள்ளை கணக்கில் கோட்டை விட்டது, தலைமை ஆசிரியை என்னை என்ன சொன்னார், நான் என்ன திருப்பிச் சொல்லாமல் விழுங்கினேன், எல்லாம் அதற்குத் தெரியும். கேட்டுவிட்டு மஞ்சள் கண்ணை ஒரு தரம் மெதுவாக மூடித் திறக்கும். எனக்கு அது போதும்.

அந்த மஞ்சள் கண்ணில்தான் வினை வந்தது. ஊரார் பேச்சைக் கேட்டு நானும் வெந்நீரை ஆற வைத்துப் பஞ்சால் துடைத்தேன். தூசி என்றால் மறுநாளே தெளிந்திருக்க வேண்டும். இதில் நாளாக நாளாக மஞ்சள் மங்கித் துரு நிறமாகிவிட்டது. கருவிழியின் நடுப்பொட்டு ஊசி முனைபோல் சுருங்கிவிட்டது. இன்னொரு கண் வெளிச்சத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க, இது மட்டும் அப்படியே கிடந்தது. ஒரு நாள் அலமாரிக்குத் தாவியது, விளிம்பில் மோதிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் காலை நக்கிக்கொண்டது. கீழே விழுந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். 

எதிர் வீட்டுக்காரி அன்று துணி காயப்போட வந்தவள் என் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் புருஷன் லாரி டிரைவர், பாதி நாள் வெளியூரில் கிடப்பார். குழந்தை இல்லை. முப்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள், என்னிடம் மட்டும் அளந்து பேசுவாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நந்தியாவட்டப் பூவைக் கசக்கி ரெண்டு சொட்டு வுடுங்க. இல்லாட்டி கடைசி வூட்டுல கைப்புள்ளக்காரி இருக்கா, கொஞ்சம் தாய்ப்பால் கேட்டு வாங்கியாரட்டுமா?"

"பூனைக்கா?"

"கண்ணுன்னா எல்லாம் கண்ணுதானேங்க."

"வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஜன்னலைச் சாத்தினேன். பட்டென்று சாத்தவில்லை. ஆனால் சாத்தினேன்.

அரியலூர் மாட்டாஸ்பத்திரியில் அந்தச் சமயம் டாக்டர் விடுப்பில் இருந்தார். பெரம்பலூரில் ஒருவர் இருக்கிறார், நாய் பூனை என்றாலும் முகம் சுளிக்காமல் பார்ப்பார் என்று பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னார். சனிக்கிழமை ஒயர் கூடையில் பூனையை உட்கார வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கட்டி, பெரம்பலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையைப் பார்த்தார்.

"என்னங்க, கோழியா?"

உள்ளிருந்து மியாவ் என்று சத்தம் வந்தது.

"ஆமா, கோழிதான்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மாடும் ஆடுமாக நின்றன. குரும்பலூரிலிருந்து கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருந்த ஒருவர் என் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குமா வைத்தியம்?" என்று சிரித்தார். "உங்க மாடு பால் கறக்கும், இது கறக்காது. அதனால செத்துப் போகட்டுமா?" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பூனையைத் தொடும் முன் தன் கையை முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். அதிலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ஜன்னலை மூடச் சொல்லி, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு ஆரஞ்சு நிறத்தில் முனை வைத்த ஒரு காகிதத் துண்டை நனைத்துக் கண்ணோரத்தில் தொட்டார். கண்ணீர் பச்சையாக ஓடியது.

"கண்ணு மேல புண் இருந்தா அந்த எடம் பச்சையா ஒட்டிக்கும். ஒட்டலை பாருங்க. மேல புண்ணு இல்ல, உள்ளதான் வீக்கம்" என்றார். "இதைப் பாக்காம ஸ்டீராய்டு சொட்டு போடக்கூடாது. புண்ணு மேல போட்டா கண்ணே போயிடும்."

"தூசி இல்லையா?"

"தூசி இல்லைங்க. கண்ணுக்குள்ள நடுப்பொட்டைச் சுத்தி நெறமா ஒரு திரை இருக்குல்ல, அது வீங்கிப் போயிருக்கு. அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு பாருங்க, அதெல்லாம் அந்த வீக்கத்துல எறங்கினதுதான்."

"எதனால வந்தது?"

"பூனைக்கு இது ஏன் வருதுன்னு பல சமயம் கண்டுபிடிக்கவே முடியாது. ஏதாச்சும் கிருமியா இருக்கலாம், அடி பட்டிருக்கலாம். இப்ப காரணத்தை விட கண்ணு முக்கியம். விட்டா உள்ள ஒட்டிக்கும், அப்புறம் பார்வை திரும்பாது."

இரண்டு சொட்டு மருந்து எழுதினார். ஒன்று அந்த ஸ்டீராய்டு, வெள்ளையாக இருக்கும், நன்றாகக் குலுக்கிப் போட வேண்டும், நிறுத்தும்போது திடீரென்று நிறுத்தக்கூடாது. இன்னொன்று சுருங்கிய பொட்டை விரிய வைக்கும், வலி குறையும், ஆனால் வெளிச்சம் கூசும். "இது பயங்கரக் கசப்பு. கண்ணுலேருந்து மூக்கு வழியா தொண்டைக்கு எறங்கும். வாயில நுரையா தள்ளும். பயந்துடாதீங்க" என்றார். பூனைக்கென்று தனி மருந்து இல்லை, மனிதர்களுக்கான அதே மருந்துதான். மெடிக்கலில் "யாருக்கும்மா?" என்று கேட்டபோது, "வூட்ல இருக்கறவங்களுக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

தனி ஆளாகப் பூனைக் கண்ணில் மருந்து போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பழைய துண்டில் சுருட்டி, முட்டிகளுக்கு இடையில் இடுக்கி, ஒரு கையால் தாடையைத் தூக்கி, அதே கையின் விரலால் இமையை விலக்கி, இன்னொரு கையால் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். கண்ணுக்கு விட்டது காதில் விழும். காதைத் துடைப்பதற்குள் துண்டிலிருந்து ஒரு கால் வெளியே வந்துவிடும். என் முன்கை முழுக்கக் கீறல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் கையையே பார்ப்பார்கள், கேட்க மாட்டார்கள். நான் போராடிக்கொண்டே விடாமல் சொல்லுவேன்: "ஒண்ணும் இல்லடி. இதோ ஆச்சு. ஒண்ணும் இல்லடி, இதோ ஆச்சு." டாக்டர் சொன்ன மாதிரியே வாயோரம் வெள்ளையாக நுரை தள்ளும். தலையைச் சிலுப்பும், சுவரெல்லாம் எச்சில் தெறிக்கும். சிறிது நேரம் என் பக்கமே வராது. பிறகு வந்து மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

இது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. துரு நிறம் கொஞ்சம் தெளிந்தது. அடியில் படிந்திருந்த வெள்ளை குறைந்தது. அப்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்தில் தேர்வு, சீக்கிரம் போக வேண்டும். கசப்பு மருந்தைப் போட்ட கையோடு பூனை துண்டை உதறிக்கொண்டு, பால்காரருக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக வெளியே ஓடிவிட்டது. வாயில் நுரை, ஒரு கண் மட்டும் கருப்பாக அகன்று கிடக்கிறது, வெயில் பட்டதும் கூசி, சுவரில் முட்டி, குழாயடியில் சுற்றிச் சுற்றி வந்தது. குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் அலறிக்கொண்டு விலகினார்கள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. மணி ஆகிவிட்டது. கசப்பு அடங்கினால் தானாக வந்துவிடும், ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது பூனை இல்லை. வைத்த பால் அப்படியே ஏடு படிந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பரண்மேல் பார்த்தேன். வாசலுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த லைனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "என் பூனையை யாராவது பாத்தீங்களா?"

எதிர் வீட்டுக்காரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

"டீச்சர், இனிமே பயமில்லைங்க. அனுப்பிட்டோம்."

"எதை அனுப்பிட்டீங்க?"

"பூனையத்தான். வெறி புடிச்சிடுச்சு டீச்சர் அதுக்கு. நொர தள்ளிக்கிட்டு, கண்ணு ஒரு மாதிரியா... நாங்க எல்லாருமே பாத்தோம். அடிக்கல்லாம் இல்லைங்க, பாவம் புடிச்சுக்கும். எங்க வூட்டுக்காரரு சாக்குல புடிச்சு லாரில எடுத்துட்டுப் போயிருக்காரு. ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவாரு. தண்ணியத் தாண்டிட்டா பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பூனையைக் கொன்றால் அந்தப் பாவம் தீரத் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்பார்கள். அதனால் யாரும் கொல்வதில்லை. சாக்கில் கட்டி ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வேண்டாத குட்டிகள் எத்தனையோ அப்படிக் கொள்ளிடத்தைத் தாண்டிப் போயிருக்கின்றன.

"அது வெறி இல்ல! மருந்து! கசப்பு மருந்து! கேட்டுட்டுச் செய்யறதுக்கென்ன? உங்களை யாரு நாட்டாமை பண்ணச் சொன்னது?" என்று கத்தினேன். வகுப்பறையில்கூட அப்படிக் கத்தியதில்லை. கடைசி வீட்டுக் கைக்குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. எதிர் வீட்டுக்காரியின் முகம் செத்துப்போனது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க தனியா இருக்கீங்க டீச்சர். அது கடிச்சி கிடிச்சி வெச்சா, உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக்கூட ஆளு இல்லையேன்னுதான்..."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பூனைக்காக அழுதேன். நான் தனி ஆள் என்று அவள் சொன்னது உண்மை என்பதற்காகவும் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் டிரைவர் திரும்பி வந்தார். வாசலிலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சத்தியமா அடிக்கலைங்க டீச்சர். கேபின்லயே, காத்து வர்ற மாதிரிதான் வெச்சிருந்தேன். அணைக்கரைப் பாலம் தாண்டி வுடலாம்னு நெனச்சேன். மீன்சுருட்டில டீ குடிக்க எறங்கினேன், வந்து பாத்தா சாக்கு வாய் அவுந்து கெடக்கு. ஆளைக் காணோம்."

"ஆத்தைத் தாண்டலையா?"

"தாண்டலைங்க."

அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சனிக்கிழமை விடியற்காலை கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பினால், எதிர் வீட்டுக்காரி தலை வாரிப் புடவை மாற்றி என் ஒயர் கூடைக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "நானும் வரேன் டீச்சர்." வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூடையைக் கொடுத்துவிட்டேன்.

ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து மீன்சுருட்டிக்கு இன்னொரு பஸ். டீக்கடைக்காரர், "பூனையா? இங்க ஆயிரம் பூனை சுத்துது" என்று கையை விரித்தார். எதிர் வீட்டுக்காரி, மீன் விற்கிற இடம், கோழிக்கடைப் பின்புறம் என்று தேட ஓடினாள். நான் நின்று யோசித்தேன். கண்ணில் போட்ட மருந்து அவ்வளவு சீக்கிரம் அடங்காது, பொட்டு இன்னும் விரிந்துதான் இருக்கும். அந்தக் கண்ணுக்கு இந்த வெயில் நெருப்பு. பசியைவிட அதற்கு இப்போது இருட்டுதான் வேண்டும். இந்த ரோட்டில் பகலிலும் இருட்டாக இருக்கும் இடம் எது?

சாலையோரம் சின்னப் பாலம் கட்டும் வேலைக்குக் கொண்டுவந்து இறக்கிய சிமெண்ட் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. நான் அதன் முன்னால் புழுதியில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகக் குனிந்து கூப்பிட்டேன். "ஏ கழுத! கழுத, வாடி!" சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிய ஒரு பொம்பளை குழாய்க்குள் தலையை விட்டுக் கழுதையைக் கூப்பிட்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? எனக்கு வெட்கமே இல்லை. அடி வரிசைக் குழாயின் கோடியில் ஒரே ஒரு கண் மின்னியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. மியாவ்கூட இல்லை, வெறும் காற்று மாதிரி ஒரு சத்தம். ஊர்ந்து ஊர்ந்து வந்து என் கையில் தலையை வைத்தது.

எதிர் வீட்டுக்காரி ஓடி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நடுரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். திரும்பும் பஸ்ஸில் கூடையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றே பெரம்பலூருக்கும் போனோம். மருந்து விட்டுப்போனதில் கண் பழையபடி கலங்கியிருந்தது, அடியில் மறுபடியும் வெள்ளை. டாக்டர் பச்சைச் சாயத்தை மறுபடி வைத்துப் பார்த்து, மேலே புண் இல்லை என்றார். "இன்னும் வாய்ப்பு இருக்கு. ஆனா ஒரு வேளைகூட தவறக் கூடாது. நீங்க ஒருத்தரா போட்டா கண்ணுக்கு பாதி, காதுக்கு பாதிதான் போகும். ஒருத்தர் புடிச்சுக்கணும், ஒருத்தர் போடணும். வூட்ல ஆள் இருக்காங்களா?"

நான் பதில் தேடுவதற்குள், "நான் புடிச்சுக்கறேன் சார்" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

அப்படித்தான் அவள் என் வீட்டுக்குள் வர ஆரம்பித்தாள். காலையில் கோலம் போட்ட மாவு விரலோடு வருவாள். மதியம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட ஓடி வரும்போது வாசலில் காத்திருப்பாள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வருவாள். பூனையை அவள் பிடிக்கிற விதமே வேறு. இடுக்கவும் மாட்டாள், அழுத்தவும் மாட்டாள். புடவை முந்தானையால் மூடி, குழந்தையைப் போல நெஞ்சோடு சாய்த்துக்கொள்வாள். நான் இமையை விலக்கிச் சொட்டை விடுவேன். ஒரு சொட்டுக்கூடக் காதுக்குப் போகவில்லை. முதல் சில நாள் "ஒண்ணும் இல்லடி, இதோ ஆச்சு" என்று நான் மட்டும் சொன்னேன். பிறகு அவளும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

இரண்டு மருந்துக்கும் நடுவில் சிறிது நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடும். அந்த இடைவெளியில் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. பிறந்த ஊர் ரஞ்சன்குடி, கோட்டைக்கு மேலே ஏறி விளையாடியது, மாமியார் பேசுகிற பேச்சு, புருஷன் லாரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும் வரை சோறு இறங்காதது, எல்லாவற்றையும் கொட்டுவாள். "ராவுல தனியாப் படுக்கறப்போ உங்க வூட்டு லைட்டு எரியுதான்னு எட்டிப் பாப்பேன் டீச்சர். எரிஞ்சா தூங்கிடுவேன்" என்றாள் ஒரு நாள். எழுந்து போய் டீ போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தது அன்றைக்குத்தான்.

கண் தேறிக்கொண்டே வந்தது. முதலில் வெள்ளை கரைந்தது. பிறகு துரு நிறத்துக்கு நடுவே பழைய மஞ்சள் தீவு தீவாகத் தெரிந்தது. கசப்பு மருந்தை டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னார், நாளடைவில் பொட்டும் அசைய ஆரம்பித்தது. வெள்ளை மருந்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். மூன்று வேளை இரண்டாயிற்று, மதியம் அவள் வருவது நின்றது. இரண்டு வேளை ஒன்றாயிற்று, காலை நின்றது. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மருந்து குறையக் குறைய நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். அதே சமயம் அவள் வராத சாயங்காலங்களிலும் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தேன். கண் நன்றாகத் தெளிய வேண்டும், ஆனால் மெதுவாகத் தெளியட்டும் என்றுகூட நினைத்தேன். என்ன மனசு பாருங்கள்!

கடைசியாக டாக்டர் பார்த்துவிட்டு, "பார்வை நல்லா இருக்கு. இனிமே மருந்து வேண்டாம்" என்றார். அன்று பூனை அலமாரிக்குத் தாவி, விளிம்பில் மோதாமல், தட்டுகளுக்கு நடுவே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கை தட்டினேன்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவள் வந்தாள். "மருந்து போடலாமா டீச்சர்?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரும்மா. நல்லாயிடுச்சாம்."

"அப்படியா! அப்பாடா, எம் பாவம் தீந்துச்சு" என்று சிரித்தாள். படி ஏறாமல் கீழேயே நின்றாள். பூனை போய் அவள் காலை உரசியது. குனிந்து அதன் தலையைத் தடவினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ள வாம்மா, சும்மா உக்காரு, டீ போடறேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அறுபது பிள்ளைகளை ஒரு அதட்டலில் அடக்குகிற வாய் எனக்கு. இந்த வார்த்தை மட்டும் அதில் வரவில்லை. மருந்து இல்லாமல் ஒரு ஆளை எப்படி வீட்டுக்குள் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. காரணம் சொல்லாமல் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை.

"சரி டீச்சர், ஒலை கொதிக்கும்" என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் பார்த்தால் "பூனை நல்லாருக்கா டீச்சர்?" என்பாள். "இருக்கும்மா" என்பேன். நான் வந்தால் பேச்சு நிற்பதும் அப்படியேதான் இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பூனை போய் வாசற்படியில் உட்கார்ந்து எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அவ வர மாட்டாடி, உள்ள வா" என்று கூப்பிடுவேன்.

பிறகு பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. வேனில் சாமான் ஏற்றிய அன்று கூடையை அவள்தான் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். "இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாருங்க டீச்சர்" என்றாள். "வரேன்மா" என்றேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் என்ன காசி ராமேஸ்வரமா? ஒரு பஸ்தான். இடையில் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், திருப்பிச் சேர்த்தார்கள், மறுபடி பிரிக்கப் போவதாகவும் பேச்சு அடிபட்டது. நான் ஒரு தடவையும் போகவில்லை. பூனை கிழவியாகி, இரண்டு கண்ணும் தெரிய, ஒரு மார்கழிக் காலையில் என் கால்மாட்டிலேயே செத்துப்போனது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். வேறு பூனை வளர்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் எனக்குச் சர்க்கரையால் கண்ணில் புரை வந்தது. திருச்சியில் ஆபரேஷன். அனுப்பும்போது நர்ஸ் ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே ஒரு வெள்ளைச் சொட்டு மருந்து, குலுக்கிப் போட வேண்டியது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மருந்து போட வூட்ல ஆளு இருக்காங்களாம்மா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?" என்றேன்.

"தனக்குத்தானே போட்டா இமை மூடிக்கும்மா. ஒருத்தர் புடிச்சுக்கணும்" என்றாள் அந்தப் பெண், என் கோபத்தைப் பொருட்படுத்தாமல்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு விரலால் இமையை விலக்கி, பாட்டிலைக் கவிழ்த்தேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அடுத்தது காதுக்கு ஓடியது. அப்புறம் ஒன்று கண்ணுக்குள் விழுந்து, சிறிது நேரத்தில் தொண்டைக்கு இறங்கியது. லேசான கசப்புதான். பூனைக்கு இறங்கியது இதைவிட எவ்வளவோ கசப்பு. அதைக் குடித்துவிட்டுத்தான் அது என் மடியில் வந்து படுத்தது.

பாட்டிலை மறுபடி குலுக்கினேன். "ஒண்ணும் இல்லடி, இதோ ஆச்சு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.